போன் சார்ஜ் தீர்ந்ததால் தப்பிய 42,000 வெள்ளி

கேள்வி: எனக்கு வயது 63. பினாங்கு குளுகோரில் ஃபிளாட் வீடு. பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு வாரத்துக்கு முன் காலை பத்து மணி வாக்கில் ஒரு போன். நான் அனுப்பிய பார்சலில் அடுத்தவர்களின் ஐசியும் (அடையாள அட்டை) ஏடிஎம் கார்டுகளும் இருந்ததாக ஒரு பெண் சொன்னார். நான் எதுவும் அனுப்பவில்லை என்றேன். அப்படியானால் போலீசில் சொல்லுங்கள் என்று கோத்தா கினபாலு போலீசுக்கு லைனை மாற்றினார். அங்கே பேசிய 'சார்ஜன்' என் ஐசி நம்பரை ஒப்பித்தார். இரண்டு மணி நேரத்தில் நேரில் வரவேண்டும், முடியாவிட்டால் லைனை வெட்டாமல் போனிலேயே வாக்குமூலம் தரவேண்டும், யாரிடமாவது சொன்னால் ரகசியச் சட்டத்தில் உள்ளே போவாய் என்றார். பயத்தில் அவர் கொடுத்த கணக்குக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்) மாற்றிவிட்டேன். பிறகு 42,000 வெள்ளி ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்க வங்கிக்கும் போனேன். நம்பர் எடுத்துக் காத்திருந்தபோது போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. அப்போதுதான் ஏதோ உறைத்தது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை. மடியில் கனமில்லாத நான் ஏன் இப்படிப் பயந்தேன்? என் மேல் உண்மையிலேயே கேஸ் இருக்கிறதா? போன பணம் திரும்பி வருமா?

பதில்: அம்மா, உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் மேல் கேஸ் எதுவும் இல்லை. பார்சலும் இல்லை, சார்ஜனும் இல்லை. அந்தப் பெண்ணும் 'சார்ஜனும்' பெரும்பாலும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர்கள். போலீசும் பத்திரிகைகளும் மக்காவ் மோசடி என்று சொல்வது இதைத்தான். பார்சல் கம்பெனி, வங்கி, வருமான வரி, சுங்கத்துறை என்று தொடங்கும் வாசல் மாறும். நேரே போய் நிற்கிற இடம் மட்டும் போலீஸ்.

லைன் மாற்றினாரே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் மலேசியாவில் ஒரே அலுவலகத்தில் இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு லைன் மாற்றச் சொன்னாலே பாட்டு ஓடி, பாதியில் அறுந்துபோகும். பார்சல் கம்பெனிக்காரர் ஒரு பட்டனை அமுக்கி உங்களைக் கடல் தாண்டி சபா போலீசில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்றால், அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம்.

கோத்தா கினபாலு என்ற ஊரும் சும்மா வந்ததில்லை. பினாங்கில் இருக்கும் உங்களிடம் ஜார்ஜ்டவுன் போலீஸ் என்று சொல்லியிருந்தால், நீங்கள் பஸ் பிடித்து நேரே போய் நின்றிருப்பீர்கள். அதனால்தான் போக முடியாத ஊராகப் பார்த்துச் சொல்கிறார்கள். சபாவில் இருப்பவர்களுக்கு இதே ஆட்கள் வேறு எங்காவது தூரமான ஊரைச் சொல்வார்கள். இரண்டு மணி நேரக் கெடு வைத்ததே, முடியாது என்று உங்கள் வாயாலேயே சொல்ல வைப்பதற்குத்தான். அப்புறம் 'சரி, பாவம், போனிலேயே முடித்துவிடலாம்' என்று ஏதோ சலுகை தருவதுபோல் ஆரம்பிப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். விசாரணைக்கு ஒருவர் வரவேண்டும் என்றால் போலீஸ் அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111-ஆவது பிரிவு. கைது ஆணை என்பது நீதிமன்ற முத்திரையும் கையெழுத்தும் உள்ள காகிதம். அதை வைத்திருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். முதலில் போன் செய்து, 'உன்னைப் பிடிக்கப்போகிறேன், ஆனால் பணத்தை மாற்றினால் விட்டுவிடுகிறேன்' என்று பேரம் பேசமாட்டார். அப்படியே ஒருவரைப் பிடித்தாலும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், பிடிபட்டவர் தன் விருப்பப்படி ஒரு வழக்கறிஞரைப் பார்க்க விடவேண்டும். இவை அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதியில் இருப்பவை. இந்த நாட்டில் எவ்வளவு பெரிய குற்றவாளிக்கும் வக்கீலிடம் பேச உரிமை உண்டு. ஒரு குற்றமும் செய்யாத உங்களிடம் 'யாரிடமும் பேசாதே' என்றவர் போலீசாக இருக்க முடியாது.

அவர் பயமுறுத்திய ரகசியச் சட்டம் என்பது 1972-ஆம் ஆண்டின் அதிகாரபூர்வ ரகசியச் சட்டம். அது அரசாங்கக் கோப்புகளைப் பற்றியது. ஒரு தாய் தனக்கு வந்த போனைப் பற்றி மகனிடம் சொல்வதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. உண்மையான போலீசும் போன் செய்வது உண்டு. நான் வக்கீல்; என் கட்சிக்காரர்களுக்கு இன்ஸ்பெக்டர்கள் போன் செய்து, இன்ன நாள் வந்து வாக்குமூலம் கொடுங்கள் என்பார்கள். அதனால் 'போலீஸ் போனே செய்யாது' என்று யாராவது சொன்னால் முழுக்க நம்பவேண்டாம். அந்தப் போனில் நடப்பது வேறு. பெயர், பதவி, எந்த நிலையம் என்று சொல்வார்கள். அங்கே வரச் சொல்வார்கள். வைத்துவிடுவார்கள். உங்கள் வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தேவையே இல்லை. சந்தேகம் இருந்தால், நீங்கள் வைத்துவிட்டு அந்த நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அடித்துக் கேட்கலாம். உண்மையான அதிகாரி இதற்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் படட்டும்.

'நீங்களே தேடி எடுத்து' என்பதை அழுத்திச் சொல்கிறேன். போனில் தெரியும் எண்ணை நம்பக்கூடாது. 088 என்று சபா எண்ணைத் திரையில் காட்டிவிட்டு, கூகளில் சரிபார்த்துக்கொள் என்று அவர்களே சொல்வார்கள். நீங்கள் பார்த்தால் போலீஸ் தலைமையகத்தின் எண்ணாகவே இருக்கும். இணையம் வழியாகப் பேசும் கருவிகளில் எந்த எண்ணையும் முகமூடி மாதிரி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் அந்த எண்ணைப் புதிதாக அடித்தால் அது உண்மையான நிலையத்துக்குத்தான் போகும். முகமூடி வரும் வழியில்தான் வேலை செய்யும். வந்த அழைப்பையே திருப்பி அமுக்காமல், எண்ணை ஒவ்வொன்றாக அடியுங்கள்.

இனி ஐசி நம்பர். பலரும் இதில்தான் விழுகிறார்கள். 'என்னைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறானே, போலீசாகத்தான் இருக்கும்' என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். உங்கள் ஐசியை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு எண்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு எந்த மாநிலத்தில் பிறந்தவர் என்பது. பினாங்கு என்றால் 07. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக அந்த 12 எண்கள் ஒருவன் கையில் கிடைத்தால் உங்கள் வயது, பிறந்த நாள், பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா எல்லாம் தானே வந்துவிடும். நாலு கேள்வி கேட்டு 'எனக்கு எல்லாம் தெரியும்' என்ற தோரணையை உண்டாக்க இதுவே போதும். இந்த எண்ணை நாம் எத்தனை இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்? காவலாளி அறை நோட்டுப் புத்தகத்தில், பேரங்காடி அதிர்ஷ்டக் குலுக்கலில், தவணைக்குக் கட்டில் வாங்கிய கடையில், ஃபோட்டோஸ்டாட் கடையின் குப்பைத் தொட்டியில்கூட. ஐசி நம்பரைச் சொல்பவன் போலீஸ் என்றால், நம் ஊர் செக்யூரிட்டி காவலாளிகள் எல்லாரும் இன்ஸ்பெக்டர்கள்தான்.

நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பழமொழிக் கேள்வி. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்கிறோம். என் அனுபவத்தில் இது தலைகீழ். நான்கைந்து தடவை லாக்கப்புக்குப் போய்வந்தவனிடம் இந்த 'சார்ஜன்' பேசியிருந்தால், நேரில் வந்து பிடி என்று சொல்லிவிட்டு அவன் தேநீர் குடிக்கப் போயிருப்பான். அவனுக்கு நடைமுறை தெரியும். வாழ்க்கையில் ஒரு சம்மன்கூட வாங்காதவர்களுக்குத்தான் போலீஸ் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். மோசடிக்காரன் தேடுவது மடியில் கனமில்லாத உங்களைப் போன்றவர்களைத்தான். இதில் புத்தி குறைவு என்று எதுவும் இல்லை. ஆசிரியர்களும் கணக்காளர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில் என் கேஸ் கூப்பிடக் காத்திருந்தேன். வருமான வரியில் பாக்கி, இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் வழக்கு என்று போனில் ஒரு குரல். அந்த வருடம் நான் கணக்கைத் தாமதமாகத்தான் கொடுத்திருந்தேன். கறுப்பு கோட் போட்டுக்கொண்டு, சுற்றிலும் வக்கீல்கள் நிற்க, எனக்கு வேர்த்தது. ஐந்து நிமிடம் 'யெஸ், யெஸ்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றியது என் சட்ட அறிவு இல்லை. நீதிமன்ற ஊழியர் என் கேஸ் எண்ணைக் கூப்பிட்டார், போனை அணைத்துவிட்டு உள்ளே ஓடினேன். வெளியே வந்தபோது தலை தெளிந்திருந்தது. உங்களுக்கு சார்ஜ் தீர்ந்தது போலத்தான்.

அந்த லைன் இருக்கிறதே, அதுதான் கயிறு. அதை வெட்டாதே, பையில் போட்டுக்கொண்டே நட, வங்கியில் கேட்டால் மகன் கல்யாணத்துக்கு என்று சொல் என்றெல்லாம் சொல்வது இதற்காகத்தான். பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தாலோ, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வரி சொன்னாலோ, கதை நிற்காது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கவுன்ட்டரில் இருக்கும் பெண் எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்டால் அவரைத் திட்டாதீர்கள். வயதானவர்கள் திடீரென்று வைப்புத்தொகையை உடைக்க வந்தால் வங்கி ஊழியர்கள் கேள்வி கேட்பது உங்கள் நல்லதுக்குத்தான்.

இன்னொரு இடத்திலும் அவர்கள் வேஷம் கலைந்திருக்க வேண்டும். 6,000 வெள்ளி போன கணக்கு யார் பெயரில் இருந்தது? 'பேங்க் நெகாராவின் பாதுகாப்புக் கணக்கு' என்று சொல்லியிருப்பார்கள். பரிமாற்றம் செய்யும்போது திரையில் ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் வந்திருக்கும். கேட்டால் 'அவர் எங்கள் இலாகா கணக்காளர்' என்று ஒரு பதில் தயாராக இருக்கும். மத்திய வங்கியான பேங்க் நெகாரா பொதுமக்கள் யாருக்கும் கணக்கு வைத்திருப்பதில்லை. அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய பணம் எதுவும் ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போகாது.

சரி, பணத்துக்கு வருவோம். பொய்யான நம்பிக்கை தரமாட்டேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது. இந்தப் பணம் ஒரு கணக்கில் விழுந்த சில நிமிடங்களில் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குத் தாவி, ஏடிஎம் வழியாகவோ கிரிப்டோவாகவோ வெளியே போய்விடும். 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்ப்பு மையம் என்று ஒன்றை அரசாங்கம் தொடங்கியது. அதன் எண் 997. பணம் போன கையோடு அந்த எண்ணுக்கோ, உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கோ அடித்திருந்தால், பணம் தாவிப்போகும் கணக்குகளைத் துரத்தி முடக்கப் பார்ப்பார்கள். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இப்போதும் அடியுங்கள், தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். முடக்கப்பட்ட ஏதாவது ஒரு கணக்கில் மிச்சம் இருக்கலாம். மறக்காமல் ஒன்று: 997 நாம் அடிப்பதற்கு மட்டும்தான். 997-இலிருந்து பேசுகிறோம் என்று யாராவது உங்களுக்கு அடித்தால் அதுவும் பழைய கூட்டம்தான்.

இந்த எச்சரிக்கையை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களைத் தேடி இரண்டாவது அலை வரக்கூடும். ஒரு முறை பணம் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் இவர்களுக்குள் கைமாறும். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கோர்ட்டுக் கட்டணம் மட்டும் 800 வெள்ளி' என்று வக்கீல் என்ற பெயரில்கூட வருவார்கள். முன்பணம் கேட்டுப் பணத்தை மீட்டுத் தருகிறேன் என்பவர் யாராக இருந்தாலும், அவருக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள். உண்மையான வக்கீலாக நான் சொல்வது, 6,000 வெள்ளிக்காக அந்தக் கணக்குக்காரர் மேல் சிவில் வழக்குப் போட்டால் என் போன்றவர்களின் ஃபீஸே அதைத் தின்றுவிடும். போலீஸ் ரிப்போர்ட்தான் உங்களுக்கு வழி.

அந்தக் கணக்குக்காரர் யார் என்று தெரிந்தால் உங்களுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வரும். மலாயில் 'அக்காவுன் கெல்டாய்' என்பார்கள், கழுதைக் கணக்கு. அடுத்தவன் மூட்டையைச் சுமக்கிற கணக்கு. பல நேரம் அது மோசடிக் கும்பல்காரனுடையதாக இருக்காது. 300, 500 வெள்ளிக்குத் தன் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் 'நண்பனுக்கு' வாடகைக்குக் கொடுத்த இருபது வயதுப் பையனுடையதாக இருக்கும். அவர்களின் அம்மாக்கள் என் அலுவலகத்தில் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். பையன் 'எனக்கு ஒன்றும் தெரியாது, கார்டை மட்டும்தான் கொடுத்தேன்' என்பான். முன்பு அதை வைத்து வாதாட இடம் இருந்தது. 2024-இல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ தொடங்கிப் புதிய பிரிவுகளைச் சேர்த்து, தன் கணக்கைப் பிறர் கையில் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கிவிட்டார்கள். உங்கள் குடியிருப்பில் படிப்பை விட்டுவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்கள் காதில் போடுங்கள். உங்கள் பணத்தைவிட அவர்கள் எதிர்காலம் பெரியது.

நாளை காலை வங்கியை அழைத்து, உங்கள் விவரங்கள் வெளியே போனதைச் சொல்லி கார்டை மாற்றுங்கள், இணைய வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்த 'சார்ஜன்' சொல்லி உங்கள் வங்கிக் கணக்கில் புதிய கைப்பேசி எண் எதையாவது பதிவு செய்தீர்களா, ஏதாவது ஆப் இறக்கினீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். செய்திருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அந்த போனை வங்கி வேலைக்குத் தொடாதீர்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்பதை பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் பார்க்கலாம். இலவசம்தான். மகன் எடுத்துத் தருவார். புக்கிட் அமான் போலீஸ் தலைமையகம் நடத்தும் செமாக் மியூல் இணையத்தளத்தில் அந்தக் கணக்கு எண்ணை அடித்தால், இதற்கு முன் எத்தனை பேர் அதன் மேல் புகார் செய்திருக்கிறார்கள் என்று காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் கணக்கு சுத்தம் என்று அர்த்தம் இல்லை, அது புதுக் கழுதையாக இருக்கலாம்.

வேறு தினுசும் உண்டு. 'நான் யாரென்று தெரிகிறதா?' என்று கேட்டு, நீங்களே ஒரு பெயரைச் சொன்னதும் அந்த ஆளாகவே மாறி, மறுநாள் அவசரமாகக் கடன் கேட்பார்கள். பதிலாக 'தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள்' என்றால் போதும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்து, அதைத் திறக்க ஏதோ ஒன்றை இறக்கச் சொன்னால், மாப்பிள்ளை யார் என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள்.

மகனிடம் சொல்லத்தான் வேண்டும். திட்டுவார் என்று பயப்படுகிறீர்கள், திட்டலாம். 'யாரிடமும் சொல்லாதே' என்று அந்த ஆள் போட்ட உத்தரவை, அந்தப் பேச்சு அறுந்து இரண்டு வாரம் ஆன பிறகும் நீங்கள் மட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

ரிப்போர்ட் எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். குளுகோருக்கு வடகிழக்கு மாவட்டத் தலைமையகம் என்றால் பட்டாணி சாலையில் இருப்பது. ஐசி, பணம் போனதற்கான ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, அழைப்புகள் வந்த நேரம் எல்லாம் எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பியது எதையும், பார்க்கவே பயமாக இருந்தாலும், அழிக்காதீர்கள். ரிப்போர்ட்டை மலாயில்தான் எழுதுவார்கள். கையெழுத்துப் போடும் முன் தொகையும் கணக்கு எண்ணும் சரியா என்று மகன் ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும். நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், வங்கி அதைக் கேட்கும். காலையிலேயே கிளம்புங்கள், மகனையே காரில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் பார்க்கிங் கிடைப்பது குதிரைக்கொம்பு.